அஸ்திவாரத்தில் ஓர் எண்

அழித்த கோப்புறை அழித்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

விக்ரா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் மாலை, கல்யாண வீட்டைப் பெருக்கித் துடைப்பதுபோல அத்தனையையும் ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போயிருந்தாள். பக்கங்களின் வார்ப்புகள் ஒரு கோப்புறையில், படங்கள் இன்னொன்றில், தளம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அமைவுக் கோப்புகள் தனியாக ஒன்றில். மென்பொருள் சட்டகம் வைத்து இணையதளம் கட்டுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். எந்தச் சாமான் எந்த அறையில் இருக்க வேண்டுமென்று சட்டகம் முன்பே முடிவு செய்து வைத்திருக்கும். அந்தந்த அறையில் வைத்துவிட்டால் தானே தேடி எடுத்துக்கொள்ளும். இடம் மாற்றி வைத்தாலோ, மூக்குக்கண்ணாடி தொலைந்த மாமியார்போல நடுக்கூடத்தில் நின்று ஊரைக் கூட்டும்.

இப்போது எல்லாம் சரிந்து கிடந்தது. படங்கள் வார்ப்புகளோடு, வார்ப்புகள் அமைவுகளோடு, ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு யானைக்கூட்டம் நடுவே நடந்துபோன மாதிரி. அந்த இடிபாட்டின் மத்தியில், அவள் குப்பையென்று தூக்கி எறிந்த ஒரே ஒரு கோப்புறை மட்டும் நேராக நின்றது. அதன் பெயர் தெமெல். இந்த ரூசே ஊர்க்காரர்கள் அஸ்திவாரத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

"என்னக்கா, ராத்திரி மறுபடியும் இடிஞ்சு விழுந்துடுச்சா?" என்று எதிர்மேசையிலிருந்து கலின் கேட்டான். அவளைவிட நாலைந்து வயது இளையவன். பல்கேரியா முழுவதற்கும் சேர்த்துத் தானே சூரியகாந்தி விதை கொறிக்க வேண்டுமென்று யாரோ சபித்துவிட்டதுபோல எந்நேரமும் கொறிப்பான்.

"நேத்து நான் கிளம்பும்போது நல்லா நின்னுச்சு."

"பகல்ல கட்டுறது, ராத்திரி இடியுறது. இந்த வாரம் பூரா இதே கூத்துதான். பேசாம நம்ம கம்பெனிக்கு 'இடிபாடு'ன்னு பேர் வெச்சிடலாம். போர்டுகூடப் புதுசா வேணாம், பழசே பாதி விழுந்துடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வர வேண்டிய இடம் தெரிந்தது, வரவில்லை. இலையுதிர்காலத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். முதலில் விரல்நுனிகள் மரத்தன. அப்புறம் நாக்கு. காலையில் மகள் நெவேனாவின் தலையைப் பின்னிவிடும்போது கையில் இருப்பது முடியா நூலா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நெவேனாவுக்கு ஆறு வயது. அப்பன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறவன். பண்டிகைக்குச் சாக்லேட்டும் பதினொரு மாதம் மௌனமும் அனுப்புவான். அந்தப் பிள்ளைக்கு விக்ராவை விட்டால் உலகத்தில் ஒரு ஆள் கிடையாது.

கடையில் வாங்கி வந்த பானிட்சா அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். பாலாடைக்கட்டி ருசி இல்லை, வெண்ணெய் ருசி இல்லை, நனைந்த அட்டை. தேநீரை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தாள்.

"அக்கா!" கலின் விதையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே விட்டான். "இப்பத்தான் கெட்டில் கொதிச்சு நின்னுச்சு!"

கோப்பையிலிருந்து ஆவி ரயில் எஞ்சின்போலப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நாக்கை அண்ணத்தில் தேய்த்துப் பார்த்தாள். தோல் உரிந்து சுருண்டிருந்தது. வலிக்கவில்லை.

கலின் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு சட்டென்று திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அலுவலகம் ஆற்றங்கரைத் தெருவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். சுவர்கள் அத்தனை தடிமன். ஜன்னல் விளிம்பில் ஒரு குடும்பம் கட்டில் போட்டுத் தூங்கலாம். வெளியே டான்யூப் தன் நவம்பர் மூடுபனியை அவிழ்த்து விட்டிருந்தது. அந்தப் பனியைக் கத்தியால் அறுத்து ரொட்டியில் வைத்துத் தின்னலாம், எதிர்க்கரையில் ருமேனியாக்காரர்கள் தின்கிறார்கள் என்றுகூடச் சொல்வார்கள். அன்று தெருவில் எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை. வாசற்கதவில் வழக்கம்போல மரண அறிவிப்புத் தாள்கள் ஒட்டியிருந்தன, புகைப்படத்தோடு. இங்கே வேலை பார்த்த இருவருடையவை. ஒன்றில் தாடிக்காரர் ஸ்பாஸ். அது வெயிலில் வெளுத்து, கண்கள் மட்டும் மிச்சமிருந்தன. இன்னொன்றில் மில்கானா என்ற பெண். கோடை முடிவில் ஒட்டியது. சேர்ந்த நாளன்று விக்ரா அவற்றைப் படித்திருந்தாள். அதன்பின் படிக்கவில்லை. இந்த ஊரில் கதவு என்று இருந்தால் தாள் இருக்கும்.

அவள் மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். இது ஆற்றுப் படகு நிறுவனம் ஒன்றுக்கான பயணச்சீட்டுத் தளம். அன்று மாலை கைமாற்றியாக வேண்டும். ஒவ்வொரு கோப்பாகத் தூக்கி அதனதன் அறையில் வைத்தாள். வைக்க வைக்கத் தளம் மெல்ல எழுந்து நின்றது. தெமெலைத் திறந்தாள். உள்ளே கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண், வேறெதுவும் இல்லை. அமைவுக் கோப்புகளின் சட்டப்படி பின்னால் படிக்கப்படுவது முன்னால் படித்ததைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். ஆக, கடைசிக் கோப்பின் எண்தான் செல்லும். ஆனால் எதற்குச் செல்லும்? திட்டம் முழுக்கத் தேடினாள். அந்த எண்ணைக் கேட்கும் ஒரு வரிகூட இல்லை.

கோப்புறையை மறுபடி அழித்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அறையின் கோடியில், சர்வர் நிற்கும் அலமாரிக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து, யாரோ ஒரு கைப்பிடி மணலை விரல் இடுக்கு வழியாக விடுவதுபோல மெதுவாக, நிற்காமல், பொடிப்பொடியாக ஏதோ உதிரும் சத்தம். அதோடு ஒரு வாசனையும், அன்றைக்குத்தான் தண்ணீர் ஊற்றிக் குழைத்தமாதிரி ஈரச் சுண்ணாம்பின் கூர்மையான வாசனை, நூறு வருஷமாய் யாரும் சுண்ணாம்பு குழைக்காத அந்த வீட்டில். நாக்கில் ருசி செத்துப்போன அவளுக்கு அந்த வாசனை மட்டும் மூக்கின் உச்சிவரை ஏறியது.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக இடம்விட்டு நழுவத் தொடங்கின.

"யாரு அதைத் தொட்டது?"

முதலாளி ராங்கெல் வாசலில் நின்றார். கரடியை நிற்க வைத்துக் கோட்டு மாட்டிய ஆகிருதி. அவர் தும்மினால் எதிர்க்கரையில் காவலர்கள் சல்யூட் அடிப்பார்கள் என்பது அலுவலக வழக்கு. அவருடைய அப்பா, தாத்தா, பூட்டன் எல்லாரும் மலைநாட்டுக் கொத்தர்கள். பாலமும் மணிக்கூண்டும் கட்டியவர்கள்.

"குப்பைன்னு நினைச்சு அழிச்சேன் முதலாளி," என்றாள் விக்ரா. "அதை யாருமே கூப்பிடல."

"அஸ்திவாரத்தை யாரும்மா கூப்பிடுவா? அது பாட்டுக்குக் கீழ கிடக்கும், மேல நீ ஆடலாம். திருப்பி வை, திருப்பி வை."

திருப்பி வைத்தாள். உதிரும் சத்தம் நின்றது. படங்கள் நழுவிய இடத்திலேயே நின்றன.

"உள்ள என்ன எண் அது?"

"எங்க ஆளுங்க பழக்கம், பொண்ணே." ராங்கெல் மீசையை நீவினார், அவருக்குச் சொல்வதில் ஒரு குஷி இருந்தது. "பாலம் நிக்கலையா, வழியில போறவன் நிழலை அவனுக்குத் தெரியாம நூலால அளப்பாங்க. அந்த நூலைக் கல்லுக்கு அடியில வெச்சுப் பூசிடுவாங்க. பாலம் நிக்கும். அவ்வளவுதான்."

"அந்த ஆளு?"

"அவனும் நிப்பான். உள்ள." சொல்லிவிட்டு, மேசையே குதிக்கும்படி சிரித்தார். "முகத்தைப் பாரு! வேலையை முடி. ஸ்பாஸ் காலத்துல ஆரம்பிச்ச விளையாட்டு அது, சும்மா ராசிக்கு. நான் ஆறு மணி ரயிலைப் பிடிக்கணும். அதுக்குள்ள அமைவை எல்லாம் இறுக்கி, சர்வர் சாவியைப் படகுக்காரங்க கையில கொடுத்துட்டா, வசந்தம் வரைக்கும் யாரும் தொட முடியாது. நானே தொட முடியாது."

இறுக்குவது என்பது இந்தத் தொழிலில் சாதாரணக் காரியம். தளம் ஒவ்வொரு முறையும் நூறு அமைவுக் கோப்புகளைத் திறந்து படித்துக்கொண்டிருந்தால் மந்தமாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒருமுறை படித்து ஒரே கட்டியாக இறுக்கிவிடுவார்கள். அதற்குப்பின் கோப்பில் என்ன எழுதினாலும், என்ன அழித்தாலும், தளம் திரும்பிக்கூடப் பார்க்காது. சாந்து காய்ந்ததுபோல.

ராங்கெல் தன் அறைக்குள் போய் யாரையோ தொலைபேசியில் திட்ட ஆரம்பித்தார்.

நாலு மணிக்கே வெளிச்சம் செத்துவிட்டது. விக்ரா சர்வர் அலமாரியைத் திறந்தாள். விசிறிகளின் இரைச்சல், சூடான தூசு. பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் இணையக் கம்பித் துண்டுகள் நெட்டுக்குத்தாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இரு முனையும் வெட்டியவை. எதோடும் எதையும் இணைக்காதவை. ஒவ்வொன்றின் உச்சியிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று நடுத்தரம். புகைப்படத்துக்கு நிற்கும் குடும்பம் மாதிரி.

கடைசிக் கம்பியின் நூல் மட்டும் நிறம் போகாமல் புதிதாக இருந்தது. அவள் அதை எடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். தலைக்குமேல் ஒரு சாண் நீண்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. மேசை உயரம் சரிபார்க்க வேண்டுமென்று கலின் அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னான். விளக்கைத் திருப்பினான். கம்பியை வைத்து அளந்தான். ஆனால் அவளை அளக்கவில்லை. அவளுக்குப் பின்னால், சுவரை அளந்தான்.

கம்பியோடு போய்க் கலினின் மேசைமுன் நின்றாள்.

"இது நான்தானே?"

அவன் விதை கொறிப்பதை நிறுத்தினான். சிரிக்க முயன்றான், உதடு ஒருபக்கம் மட்டும் போனது.

"அக்கா... உட்காருங்க."

"சொல்லு."

"ஸ்பாஸ் அண்ணன் முதல்ல ஒரு தெருக்காரனோட நிழலை வெச்சாரு, விளையாட்டாத்தான். அவன் போனதும் தளம் ஆட ஆரம்பிச்சுது. அப்ப யாரோ அவர் நிழலையே அளந்துட்டாங்க. அப்புறம் மில்கானா. அவங்க போனப்புறம் முதலாளி என்னை அளந்தாரு. எனக்குத் தெரியாமத்தான். எனக்கு மரத்துப் போச்சுக்கா. விரலு, வாயி, முட்டி. என் கல்யாணத்துல மோதிரம் போட்டாங்க, எந்த விரல்னு எனக்குத் தெரியல. நிழலு பால் ஊத்தின தேத்தண்ணி மாதிரி வெளிறிக்கிட்டே வந்துச்சு. நிழலை அளந்தா நாப்பது நாள்தான் ஆயுசுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"அதனால என்னை வெச்ச."

"பின்னால வர்ற எண்ணுதானே செல்லும்? உங்களோடதைக் கடைசியில எழுதினேன். மறுநாள் காலையில ஊறுகாய் புளிச்சுது. நான் சமையல்கட்டுலயே உட்கார்ந்து அழுதேன்." கைகளைப் பிசைந்தான். "அப்ப உங்களை எனக்குத் தெரியாதுக்கா. சாமி சத்தியமா. பேர் எழுத அங்க இடமே கிடையாது. எண்ணு மட்டும்தான். எண்ணுதானேன்னு நினைச்சேன்."

விக்ராவுக்குக் கோபம் வர வேண்டும். அதைத் தேடிப் பார்த்தாள். தீர்ந்துபோன பற்பசைக்குழாயைப் பிதுக்குவதுபோல அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மேசை விளக்கின் முன் கையை நீட்டினாள். சுவரில் கலினின் நிழல் தார் பூசியதுபோல விழுந்தது. அவளுடைய கை விழுந்த இடத்தில் யாரோ கண்ணாடியில் ஊதிய மூச்சுமாதிரி ஒரு மங்கல். அதற்குள் சுவரின் விரிசல்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

"எடுத்துட்டா?"

"எடுத்தா எல்லாம் இடியும். அப்புறம் அதுவே திரும்பி வந்து உட்காரும். பார்த்தீங்கல்ல? தள்ளத்தான் முடியும். இன்னொரு எண்ணு வெச்சு."

"உன்னோடதை எழுதலாம்."

அவன் விதைகளை ஓரமாகத் தள்ளினான். எழுதாதே என்று சொல்லவில்லை. அவன் கண்கள் மட்டும் நிறைந்தன. உள்ளே ராங்கெல் பெட்டியைப் பூட்டும் சத்தம் கேட்டது. டக். டக்.

இறுக்கிவிட்டால் வசந்தம்வரை அவளுடைய எண்தான். வசந்தம்வரை அவள் இருக்க மாட்டாள். வாசலில் இன்னொரு தாள் இருக்கும். நெவேனா அதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இப்போதுதான் எழுத்துக்கூட்டக் கற்றிருக்கிறாள்.

ஆனால் இன்னொருவரை எழுதுவதா? ராங்கெலை எழுதலாம், பிள்ளைகள் மூன்று பேர். கலினை எழுதலாம், ஊறுகாய்க்காக அழுதவன். கதவைத் திறந்து பனிக்குள் போகும் யாரையாவது எழுதலாம். அவள் விரல்கள் அசையவில்லை. மரத்த இடத்திலும் ஏதோ ஒன்று மரக்காமல் மிஞ்சியிருந்தது, அது முடியாது என்றது.

அப்போது அவள் கண்ணில் துடைப்பம் பட்டது.

கதவு மூலையில் சாத்தி வைத்த சாதாரணத் துடைப்பம். அதற்கும் நிழல் இருந்தது.

"கலின், விளக்கைத் திருப்பு."

"என்னக்கா பண்றீங்க?"

"ஆளோட நிழல்தான் வேணும்னு எவனாவது எழுதி வெச்சிருக்கானா? பேருக்கே இடம் இல்லைன்னு நீதானே சொன்ன. துடைப்பத்தைத் தின்னுட்டுப் போகட்டும்."

கலின் வாயைப் பிளந்தான். பிறகு சிரிப்பு அவனைப் பிடித்து உலுக்கியது. கண்ணீரும் சிரிப்புமாக விளக்கைத் திருப்பினான். இருவரும் துடைப்பத்தைச் சுவரோரம் நிறுத்தினார்கள், கல்யாணப் பெண்ணை நிறுத்துவதுபோல. கம்பியை வைத்து நிழலை அளந்து வெட்டினார்கள்.

"துடைப்பம் செத்துப்போச்சுன்னா கதவுல தாள் ஒட்டிடலாம்கா. 'எங்கள் அன்புக்குரிய, உழைப்பில் தேய்ந்த...'"

"வாயை மூடு, எண்ணைச் சொல்லு."

சொன்னான். வரிசையின் கடைசியில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து எழுதினாள். சிவப்பு நூலைக் கட்டிக் கம்பியைச் சந்துக்குள் விட்டான் கலின். மற்றவற்றின் பக்கத்தில் அது குட்டையாக, அடக்கமாக நின்றது.

தளம் நின்றது. சரிந்த படங்கள் தாமே எழுந்து தம் அறைக்குப் போனதுபோல ஒவ்வொன்றும் இடத்தில் இருந்தது. பாறைமாதிரி நின்றது. சட்டகம் ஒரு குறைகூடச் சொல்லவில்லை, மாமியார் வாயடைத்துப்போனாள். ராங்கெல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்து, "இதுதான் வேலை!" என்று அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அமைவை இறுக்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

அவர் தட்டிய இடம் வலித்தது.

விக்ரா எழுந்து நின்றாள். வலித்தது! ஆற அமர, சுகமாக, எலும்புவரை வலித்தது. உரிந்த நாக்கு திகுதிகுவென்று எரிந்தது. மேலங்கியின் கம்பளி கழுத்தில் குத்தியது. தெருவுக்கு வந்தபோது குளிர் அவளைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தது. அவள் இன்னொரு கன்னத்தையும் காட்டினாள். மூலைக்கடையில் சுட்ட கஷ்கொட்டை வாங்கி, விரல் சுட, வாய் சுட, ஓடு கீற, தின்றாள். உலகத்தில் இதுவரை யாரும் கஷ்கொட்டை தின்றதில்லை, அவள்தான் முதல் ஆள். ஆற்றில் ஒரு படகு ஊதியது. அது அவள் வயிற்றுக்குள் அதிர்ந்தது. தெருவிளக்கின் அடியில் நின்று பார்த்தாள். காலடியில் அவளுடைய நிழல், கொழுத்து, கறுத்து, சொந்தக்காரியைக் கண்ட நாய்மாதிரி கிடந்தது. வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தலைமுடிக்குள் பத்து விரலையும் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மீதிக் கஷ்கொட்டையைச் சூடு ஆறாமல் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.

பள்ளிவிட்டு வந்தால் நெவேனா பக்கத்துவீட்டுப் பென்கா அத்தையிடம்தான் இருப்பாள். ஊர்ச்செய்தி அத்தனையும் தன் கதவைத் தொடாமல் போகக்கூடாது என்று வாசலிலேயே வாழ்கிற பெண்மணி அத்தை. அன்றும் நின்றாள்.

"உன் மக உன் வீட்டுக்கே போறேன்னு அடம் பிடிச்சா, இப்பத்தான் திறந்து விட்டேன். அடுப்பு கணகணன்னு இருக்கு, விறகு போட்டுட்டேன்."

"சாப்பிட்டாளா அத்தை?"

"அதைக் கேளு. மத்தியானம் நல்லாத்தான் வாரிவாரித் தின்னா. சாயங்காலம் மிளகாய்ச் சட்னி தடவிக் கொடுத்த ரொட்டியை வாயில வெச்சுட்டு, 'இதுல ஒண்ணுமே இல்லையே பாட்டி'ங்கறா. என் சட்னியில ஒண்ணும் இல்லையாம்! முப்பது வருஷத்துல எவளும் சொன்னதில்ல. சளி பிடிச்சிருக்கும், பாரு."

விக்ரா அசையவில்லை.

"எப்பத்திலிருந்து?"

"இப்பத்தான், ஒரு மணி நேரம் இருக்கும். என்னடி, வெளிறிப்போற?"

துடைப்பத்தின் உயரம்தான் நெவேனாவுக்கும்.

அங்கே பேர் எழுத இடம் கிடையாது.

கஷ்கொட்டைப் பொட்டலம் நழுவியது. ஒவ்வொன்றாகப் படியில் உருண்டு போயிற்று. அவள் சாவியை நுழைத்தாள். நுழையவில்லை. மறுபடி நுழைத்தாள்.

கூடத்தில் மேசைமேலேயே மடிக்கணினியைத் திறந்தாள். கதவைச் சாத்தவில்லை. தெமெல். கடைசிக் கோப்பு. துடைப்பத்தின் எண்ணை அழித்தாள். தன் எண்ணை எழுதினாள். கோப்பு அடக்கமாக வாங்கிக்கொண்டது. தளத்தைப் பார்த்தாள். அசையவில்லை. கோப்புறையையே அழித்தாள். அசையவில்லை. ஒரு படம்கூட நழுவவில்லை. இத்தனை உறுதியாக ஒரு தளம் நின்று அவள் பார்த்ததே இல்லை.

தொலைபேசியில் ரயிலின் தடதடப்பு. ராங்கெல்.

"முதலாளி, திறங்க. இறுக்கினதை உடைங்க. என்னோட எண்ணை வைங்க. என்னை வைங்க!"

"சாவி கொடுத்தாச்சும்மா. ஸ்டேஷன்லயே வந்து வாங்கிக்கிட்டாங்க. ஏன், நிக்கலையா?"

"நிக்குது."

"அப்புறம் என்ன?"

தடதடப்புக்கு நடுவில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு, முதல்முறையாக, குரலில் கரடி இல்லாமல் கேட்டார். "பொண்ணே. என்ன எண்ணு வெச்ச?"

தொலைபேசி கையிலிருந்து இறங்கியது.

ஈரச் சுண்ணாம்பு வாசனை. உள்ளறையிலிருந்து.

"நெவேனா?"

"இங்க இருக்கேம்மா."

நடந்தாள். தரையின் சில்லிப்பு காலுறையைத் தாண்டிப் பாதத்தில் ஏறியது. அடுப்பின் வெப்பம் முகத்தில் அடித்தது. எல்லாம் தெரிந்தது அவளுக்கு. ஒவ்வொரு மயிர்க்காலும் விழித்திருந்தது.

உள்ளறையில் மேசைவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் நிழல் சுவரில் இருந்தது. கட்டில்காலின் நிழல் இருந்தது. தரையில் கவிழ்ந்து கிடந்த பொம்மையின் நிழல், ஒரு கை தூக்கியபடி, இருந்தது. விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் நெவேனா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெளிச்சம் யாருமே நிற்காததுபோல நேராகப் போய்ச் சுவரில் விழுந்தது.

பிள்ளை சுவரில் காதை வைத்து ஒட்டி நின்றாள். கன்னம் காரையில் பதிந்திருந்தது. பதிந்தது என்றால், கொஞ்சம் உள்ளேயே.

"அம்மா, உஷ்," என்றாள், முகம் முழுக்கச் சிரிப்பாக. "உள்ள ரொம்பப் பேரு இருக்காங்க. ஒரு தாடித் தாத்தா. ஒரு அக்கா. எல்லாரும் நெருக்கி நெருக்கி நிக்கறாங்க."

விக்ரா ஓடிப்போய் அவளைப் பிடித்தாள். பத்து விரலையும் தலைமுடிக்குள் விட்டாள். முடி முடியாகத் தெரிந்தது. மிருதுவாக, வெதுவெதுப்பாக, நுனியில் மட்டும் மணல்மணலாக. இழுத்தாள். வரவில்லை.

"தள்ளி நில்லுங்கன்னு சொல்லிட்டாங்கம்மா," என்றது பிள்ளை. "எனக்கு இடம் விட்டுட்டாங்க."

சுவருக்குள் யாரோ, பலர், மெல்ல நகர்ந்து நின்றார்கள்.